செம்மறியையும் கிடாவையும் அடிபடாமல் கையாள்வது எப்படி: சிறு பண்ணைக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால், சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட் பக்கம் செம்பனை மரங்களுக்கு நடுவே பத்து இருபது செம்மறி வைத்திருப்பவர்களில் பலர் முதலில் வெள்ளாடு வளர்த்தவர்கள். ஜம்னாபாரி வெள்ளாட்டோடு பழகிய கை செம்மறிக் கிடாவின் நெற்றியையும் அதே செல்லத்தோடு தடவும். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வெள்ளாட்டுக் கடா பின்னங்காலில் எழுந்து நின்று மேலிருந்து கீழாக முட்டும். அது எழும்போதே நாம் சுதாரித்துக்கொள்ளலாம். செம்மறிக் கிடா நாலு எட்டு பின்னால் போய், தலையைத் தாழ்த்தி, நேராக ஓடிவந்து மோதும். அறுபது எழுபது கிலோ அந்த வேகத்தில் முழங்காலில் விழுந்தால் மூட்டு ஜவ்வு கிழியும். குனிந்திருக்கிறவரின் விலாவிலோ தலையிலோ விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகள் இலையுதிர் காலத்தில் கிடாவிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்லும். அங்கே பகல் குறையும்போதுதான் பெட்டைகள் பருவத்துக்கு வரும், கிடாவும் அப்போதுதான் வெறி பிடித்து நிற்கும். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 5 பாகைதான் வடக்கே இருக்கிறது. பகலின் நீளம் வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம் பெட்டைகள் எந்த மாதத்திலும் 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரலாம். ஆகவே நம் கிடாவுக்கு ஓய்வுக் காலம் என்று ஒன்று கிடையாது. போன மாதம் சாதுவாக நின்றது என்பதை வைத்து இந்த மாதம் அதற்கு முதுகைக் காட்டக் கூடாது.

ஆடு பிடிக்கிற வேலையில் கைப்பலத்துக்குக் கடைசி இடம்தான். பட்டி சரியாக அமைந்து, ஆடு எதைப் பார்த்து எந்தப் பக்கம் நகரும் என்பதும் தெரிந்துவிட்டால் ஒரே ஆள் இருபது ஆட்டுக்கு மருந்து கொடுத்து முடிக்கலாம். இவை இரண்டும் இல்லாவிட்டால் நாலு ஆள் இருந்தாலும் ஓட்டமும் விழுப்புண்ணும்தான் மிஞ்சும்.

ஆட்டின் பார்வையும் ஓட்டமும்

செம்மறியின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே சுற்றிலும் பெரும்பகுதியைப் பார்த்துவிடும். தெரியாத இடம் பெரும்பாலும் நேர் பின்புறம்தான். பின்னாலிருந்து சத்தமில்லாமல் போய்த் தொட்டால் துள்ளி ஓடும், அல்லது திரும்பி மோதும். ஆழத்தை அளக்கிற பார்வை அதற்குக் குறைவு. தரையில் விழுந்த நிழல், கான்கிரீட்டில் தேங்கிய தண்ணீர், வெயிலிலிருந்து இருட்டான கொட்டகைக்குள் போகும் வாசல், இவையெல்லாம் அதற்குப் பள்ளமாகவே தோன்றும். ஆடு திடீரென நின்று அடம்பிடித்தால் அடிக்கக் கை ஓங்காமல், குனிந்து அதன் கண் உயரத்திலிருந்து முன்னால் பாருங்கள். வேலியில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் பைதான் காரணமாக இருக்கும்.

ஒவ்வொரு ஆட்டைச் சுற்றியும் ஓர் எல்லை உண்டு. அதற்குள் நாம் நுழைந்தால் ஆடு நகரும், வெளியே வந்தால் நிற்கும். தினமும் கையில் தீனி வாங்கும் ஆட்டுக்கு இந்த எல்லை ஓர் எட்டு. தோட்டத்தில் விட்டு வளர்த்த ஆட்டுக்குப் பத்துப் பதினைந்து எட்டு. அதன் தோள்பட்டையை நடுக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் ஆடு முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும் அல்லது திரும்பும். ஆடு நகரத் தொடங்கியதும் நீங்கள் நின்றுவிட வேண்டும். நகர்ந்த பிறகும் விடாமல் நெருக்கினால் நடை ஓட்டமாகும், ஓட்டம் வேலியில் மோதுவதில் முடியும். கத்துவதாலும் கைதட்டுவதாலும் பலன் இல்லை. தெருநாய்கள் ஒருமுறை புகுந்து கடித்த மந்தையில் இந்த எல்லை பல வாரங்களுக்கு விரிந்தே இருக்கும், அவசரம் காட்டாதீர்கள்.

மந்தையைப் பட்டிக்குள் கொண்டுவர விரட்டுவதைவிட வாளிதான் சுலபம். தினமும் ஒரே நேரத்தில் வாளியைக் குலுக்கி, பட்டிக்குள்ளேயே தீனி போட்டுப் பழக்குங்கள். முதல் ஆடு உள்ளே போனால் மற்றவை தானாகப் பின்னால் வரும். ஒற்றை ஆட்டை மட்டும் பிரித்து விரட்டாதீர்கள். தனியாகிப்போன செம்மறி வேலியைத் தாண்டவும் ஆளைத் தாண்டவும் துணியும். அது வேண்டுமென்றால் கூடவே இரண்டு ஆட்டையும் சேர்த்து ஓட்டி வந்து, உள்ளே வைத்துப் பிரியுங்கள்.

வேலைப் பட்டி

மேய்ச்சல் இடத்தில் ஆடு பிடிக்கிற வேலையே வேண்டாம். இருபது ஆட்டுக்கு 3 மீட்டருக்கு 3.5 மீட்டர் பட்டி ஒன்று போதும். தலைக்கு அரை சதுர மீட்டர் என்பது கணக்கு. பெரிதாகக் கட்டினால் உள்ளேயே ஓட்டப்பந்தயம் நடக்கும். உயரம் 1.2 மீட்டர். கம்பி வலை போடுவதாக இருந்தால் கண் அளவைப் பாருங்கள். 15 செண்டிமீட்டர் சதுரக் கண்ணில் தலை நுழையும், கொம்போடு வெளியே வராது. 10 செண்டிமீட்டருக்குக் குறைந்த கண்ணே நல்லது.

பட்டியின் ஒரு மூலையிலிருந்து 3, 4 மீட்டர் நீளத்துக்கு ஒடுக்கமான ஒரு சந்து வையுங்கள். பார்படோஸ் பிளாக்பெல்லி இனத்துக்கும் கலப்பினங்களுக்கும் அகலம் 40 முதல் 45 செண்டிமீட்டர்; உருவத்தில் பெரிய டோர்பர் இனம் இருந்தால் 50. இதைவிட அகலமாக விட்டால் ஆடு உள்ளேயே திரும்பிக்கொண்டு, வருகிற ஆட்டை முட்டும். பக்கச்சுவர் 90 செண்டிமீட்டர் உயரத்துக்குப் பலகையாலோ பிளைவுட்டாலோ முழுக்க மூடியிருக்கட்டும். இடைவெளி தெரிந்தால் ஆடு அதில் தலையை விடும். சந்தின் மறுமுனை வெளிச்சத்தை நோக்கி இருந்தால் ஆடு தானே நடக்கும். தரையில் கரடான கான்கிரீட் அல்லது நன்றாக இறுக்கிய சரளை. செம்மண் தரையாக விட்டால் அக்டோபர் மழையில் ஆடும் வழுக்கும், ஆளும் வழுக்குவார்.

நம்மூரில் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்திய, சட்டம் அடித்த தளக் கொட்டகைதான். புழுக்கை கீழே விழுந்து தளம் காய்ந்திருப்பதால் ஈர மண்ணுக்கு அது நல்ல முறை. சட்டங்களுக்கு நடுவே ஒன்றரை முதல் 2 செண்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம், குட்டியின் கால் சிக்கும். ஏறுபலகையில் 20, 25 செண்டிமீட்டருக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடியுங்கள். இதில் ஒரு விஷயம் மிக முக்கியம். கிடா மேலே வாசலில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஏறுபலகையில் கால் வைக்காதீர்கள். அதன் தலை அப்போது உங்கள் மார்புக்கு நேராக இருக்கும், பக்கவாட்டில் விலக உங்களுக்கு இடமும் இருக்காது.

கிடாவுக்குத் தனி அடைப்பு

கிடாவுக்கென்று தனி அடைப்பு இல்லாத பண்ணையில் மற்ற எந்த எச்சரிக்கையும் முழுசாகப் பலிக்காது. ஆகவே பணமும் நேரமும் முதலில் இதற்குப் போகட்டும். குறைந்தது 2 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 1.4 மீட்டர். தூண்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டருக்கு மேல் விடாதீர்கள். குறுக்குப் பலகைகளைத் தூணின் உட்புறத்தில் அடியுங்கள். கிடா முட்டினால் பலகை தூணில்தான் அழுந்தும். வெளிப்புறத்தில் அடித்திருந்தால் ஒவ்வொரு முட்டும் ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும், ஒருநாள் காலையில் பலகை கீழே கிடக்கும், கிடா பெட்டைகளோடு நிற்கும்.

கதவு உட்புறமாகத் திறக்கட்டும், மூடும்போது நிலைத்தூணில் தட்டி நிற்கட்டும். அப்போதுதான் கிடாவின் மோதலைத் தாழ்ப்பாளுக்குப் பதில் தூண் வாங்கும். மேல்கீல், கீழ்கீல் இரண்டின் ஊசியும் மேல்நோக்கியே இருந்தால் கிடா கழுத்தைக் கொடுத்துக் கதவையே தூக்கிக் கழற்றிவிடும். மேல்கீலைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். தீனித்தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் வெளியில் நின்றே நிரப்பும்படி வேலியோரம் வையுங்கள். தினமும் இருமுறை உள்ளே போகிற வேலை இதனால் மிச்சம். வேலியின் குறுக்குச் சட்டங்களை 30 செண்டிமீட்டருக்கு ஒன்றாக, கால் வைத்து ஏறும்படி அமைத்தால் அவசரத்தில் எந்தப் பக்கமும் ஏறித் தப்பலாம்.

கிடாவைத் தனியாக அடைத்துப் போடாதீர்கள். மந்தையில் வாழும் பிராணி அது. துணையில்லாமல் போனால் ஆளைத் துணையாகவும் எதிரியாகவும் மாறி மாறி நினைக்கத் தொடங்கும். விதை அடித்த ஓர் ஆட்டைக் கூட விடுங்கள்.

செல்லமாக வளர்த்த கிடாதான் ஆளை முட்டும்

மனிதரைக் கண்டு பயந்து ஒதுங்கும் கிடாவால் விபத்து குறைவு. பாட்டில் பால் குடித்து, பிள்ளைகளோடு விளையாடி, வீட்டுக்குப் பின்னால் வளர்ந்த கிடாவால்தான் அதிகம். அது மனிதரையும் ஆடாகவே நினைக்கிறது. ஆட்டுக்குள் யார் பெரியவன் என்பதை முட்டித்தான் முடிவு செய்வார்கள், ஆகவே வயது வந்ததும் உங்களோடும் அந்தக் கணக்கைத் தீர்க்கப் பார்க்கும். கெட்ட குணம் என்று இதற்குப் பெயர் வைக்கக் கூடாது, வளர்த்த முறையின் விளைவு இது.

ஆகவே ஆண் குட்டியின் நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாடுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். மூன்று மாதக் குட்டி உள்ளங்கையில் முட்டுவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதே விளையாட்டை அது ஒன்றரை வயதிலும் ஆடும். தொட வேண்டுமென்றால் தாடைக்குக் கீழே அல்லது மார்பில் தொடுங்கள். பாட்டில் பாலில் வளரும் ஆண் குட்டியை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளாமல், பிறந்த முதல் வாரத்துக்குள் ரப்பர் வளையம் போட்டு விதை அடித்துவிடுவது நல்லது. வளையம் போடுமுன் டெட்டனஸ் தடுப்பு பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். தாய் இல்லாத குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு உடனே மற்றக் குட்டிகளோடு சேர்த்துவிட வேண்டும். ஆட்டோடு வளர்ந்தால் ஆட்டின் பழக்கம் வரும்.

பாயப்போகிற கிடாவின் அறிகுறிகள்

ஆட்டுக்கடா பின்வாங்குவது பாய்வதற்கே என்று நம்மவர்கள் சொல்லி வந்தது அப்படியே உண்மை. ஆனால் பின்வாங்குவது கடைசி அறிகுறி. அதற்கு முன்பே நாலைந்து தெரியும்.

முதலில் மேய்வதையோ அசை போடுவதையோ நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தி உங்களையே பார்க்கும். தாடை அசையாது, வாயில் புல் அப்படியே தொங்கும். அடுத்து முன்னங்காலால் ஒருமுறை தரையைத் தட்டும். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்து, கழுத்தை முறுக்கியபடி உங்கள் பக்கவாட்டில் வரும். சில கிடாக்கள் நாக்கை நீட்டி உறுமும். பெட்டையிடமும் எதிரிக் கிடாவிடமும் காட்டும் அதே உடல்மொழி இது. சில கிடாக்கள் சாவகாசமாக வந்து காலில் நெற்றியைத் தேய்க்கும். பாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களை அளந்து பார்க்கிறது. கடைசியில் மோவாய் உள்ளே ஒடுங்கும், நெற்றி முன்னுக்கு வரும், இரண்டு மூன்று எட்டு பின்னால் போகும். அதன் பிறகு உங்களுக்குக் கிடைப்பது ஒரு நொடி.

எல்லாக் கிடாவும் எல்லா அறிகுறியையும் வரிசையாகக் காட்டாது. முன்பு ஆளை முட்டி ருசி கண்டது நேராகக் கடைசிப் படிக்கே போய்விடும், அதுவும் நீங்கள் திரும்பி நிற்கும்போது.

உள்ளே போக வேண்டியிருந்தால்

முழுக்காற்சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். கைலியும் ரப்பர் செருப்பும் காலைத் தடுக்கும், கிடா அடைப்புக்கு அவை வேண்டாம். கைப்பேசி சட்டைப்பையில் இருக்கட்டும். உள்ளே போவதாக வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கையில் ஒரு தடுப்புப் பலகை வேண்டும். 9 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 60க்கு 90 செண்டிமீட்டர் வெட்டி, மேல் விளிம்பின் அருகே கை நுழைய ஒரு துளை போட்டால் ஆயிற்று. எடை 3 கிலோதான் வரும். கம்பைவிட இது பல மடங்கு உதவும். கம்பு கிடாவுக்கு அடியாகத் தெரியும், அடி என்றால் அதற்குச் சண்டைக்கு அழைப்பு. பலகை சுவராகத் தெரியும். முழங்காலுக்கும் தொடைக்கும் முன்னால் பிடித்துக்கொண்டு நடங்கள். அதற்காகப் பலகையை நம்பி எதிர்த்து நிற்கவும் கூடாது. முழு வேகத்தில் வரும் டோர்பரை அது தடுக்காது, விலகிக்கொள்ள நேரம் மட்டும் வாங்கித் தரும்.

உள்ளே போகுமுன் வெளியே வரும் வழியைப் பார்த்து வையுங்கள். கிடாவுக்கும் மூலைக்கும் நடுவில் நிற்காதீர்கள். குனிந்து எதையும் எடுக்காதீர்கள். குனிந்த முதுகு அதற்கு அழைப்பு மாதிரி. கிடா எங்கே நிற்கிறது என்பது எப்போதும் ஒரு கண்ணில் இருக்கட்டும், வெளியே வரும்போதும் அதைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நடந்து வாருங்கள். பெட்டைகளுக்கு மருந்து கொடுக்கும் நாளில் முதல் வேலை கிடாவை அதன் அடைப்புக்குள் தீனி காட்டி விட்டுப் பூட்டுவது. மந்தைக்குள் கிடா நிற்க, நீங்கள் ஒரு பெட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் நிலை ஒருநாளும் வரக் கூடாது.

பாய்ந்தேவிட்டால்

திரும்பி ஓடாதீர்கள். குறுகிய தூரத்தில் உங்களைவிட அது வேகம், அடியும் இடுப்பிலோ முழங்காலின் பின்பக்கமோ விழும். கடைசி நேரத்தில் ஒரு பக்கமாக விலகுங்கள். தலையைத் தாழ்த்தி ஓடிவரும் கிடாவால் சட்டென்று வளைய முடியாது, உங்களைத் தாண்டித்தான் போய் நிற்கும். அது திரும்பி மறுபடி தூரம் எடுக்கும் அந்த இடைவெளியில் வேலிக்குப் போய்விடுங்கள்.

தப்ப வழியில்லாமல் கிடா ஒட்டியே நின்றால், விலகி நிற்பதைவிட ஒட்டிப் பிடிப்பது பாதுகாப்பு. ஓடிவர இடமில்லாத கிடாவால் பலமாக முட்ட முடியாது. ஒரு கை தாடைக்கு அடியில் கொடுத்து மூக்கை மேலே தூக்குங்கள்; தலை நிமிர்ந்திருக்கும்வரை அது மோதாது. மறு கையால் பின்புறத்தை அணைத்து வேலியோடு வேலியாகத் தள்ளிக்கொண்டே கதவுவரை போங்கள். கீழே விழுந்துவிட்டால் கிடாவின் எதிரே முழங்காலிட்டு எழாதீர்கள், அடுத்த முட்டு முகத்தில் விழும். தலையைக் கைகளால் மூடிச் சுருண்டு, அது பின்வாங்கும் நேரத்தில் வேலியை நோக்கி உருண்டு, கம்பியைப் பிடித்து எழுங்கள், சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

தலை, வயிறு, விலா, முதுகு, இவற்றில் அடிபட்டால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். உள்காயம் மணிக்கணக்கில் கழித்தே தலைகாட்டும். நடக்க முடியாமலோ மயக்கமாகவோ இருந்தால் 999-ஐ அழையுங்கள்.

ஒருமுறை ஆளை நோக்கிப் பாய்ந்த கிடாவை அடித்துத் திருத்தலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நீங்கள் திருப்பி அடிக்க அடிக்க அது போட்டியாகவே வளரும். இறைச்சிக்கு அனுப்பிவிடுவதுதான் சரி. ஹஜ்ஜுப் பெருநாளையும் தீபாவளியையும் ஒட்டி வாங்க ஆள் இருக்கும். இன்னொரு சிறு பண்ணைக்காரருக்குப் பழக்கத்தை மறைத்து விற்பது பெரிய அநியாயம். தோட்டத்துக் கோயில் படையலுக்கு முன்கூட்டியே வாங்கி வீட்டு வாசலில் கட்டிவைக்கப்படும் கிடாவுக்கும் இதே எச்சரிக்கை. கட்டியிருக்கும் கயிற்றின் நீளத்துக்குள் பிள்ளைகள் யாரும் போகக் கூடாது. உள்ளூர் மாலின் இனக் கிடா உருவத்தில் சிறியதுதான், ஆனாலும் ஒரு பிள்ளையைக் கீழே தள்ள அது போதும்.

இரண்டு கிடாவைச் சேர்ப்பது

ஒன்றாக வளர்ந்த அண்ணன் தம்பிக் கிடாக்கள்கூட சில வாரம் பிரிந்திருந்து சேர்ந்தால் புதிதாகச் சண்டை பிடிக்கும். திறந்த இடத்தில் விட்டால் இருபது எட்டு தூரத்திலிருந்து ஓடிவந்து மோதும், கழுத்தெலும்பு முறிந்து அங்கேயே விழுந்து செத்துவிடவும் கூடும். மாற்று வழி நெருக்கம். தலைக்கு ஒன்றரை சதுர மீட்டருக்கு மிகாத அடைப்பில், மாலையில் வெயில் தணிந்த பிறகு இரண்டையும் ஒன்றாக விடுங்கள். பின்னால் போக இடமில்லாததால் நெற்றியோடு நெற்றி வைத்துத் தள்ளும், அதிலேயே யார் பெரியவன் என்பது முடிவாகும். ஒருநாள், இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். காற்றோட்டமும் தண்ணீரும் கட்டாயம். கொம்புள்ளதையும் கொம்பில்லாததையும் சேர்க்காதீர்கள். சண்டை முற்றினால் வெளியிலிருந்து தண்ணீர்க் குழாயைத் திருப்புங்கள், நடுவே கதவுப் பலகையை இறக்குங்கள். நடுவில் ஆள் புகுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

பிடிப்பதும் உட்கார வைப்பதும்

நம்மூர்ச் செம்மறிகளில் பல கம்பளி இல்லாதவை. பிடித்திழுக்க ரோமமும் இல்லை. காது, வால், கால், கொம்பு எதைப் பிடித்து இழுத்தாலும் காயம்தான். இளங்கொம்பு அடியோடு பிடுங்கிக்கொண்டு வரும். நெருக்கமான பட்டியில் ஆட்டின் பக்கவாட்டில் போய், ஒரு கையைத் தாடைக்கு அடியில் எலும்பைத் தாங்கும்படி கொடுங்கள், குரல்வளையை அழுத்தாதீர்கள். மறு கை பின்புறத்தில். மூக்கு உயர்ந்திருந்தால் ஆடு நிற்கும், தாழ்ந்தால் இழுத்துக்கொண்டு ஓடும்.

குளம்பு வெட்டவும் அடிவயிறு பார்க்கவும் ஆட்டைப் பிட்டத்தில் உட்கார வைக்க வேண்டும்:

1. ஆட்டின் இடப்பக்கம் ஒட்டி நில்லுங்கள். உங்கள் இடது முழங்கால் அதன் தோளுக்குப் பின்னால், வலது முழங்கால் அதன் இடுப்பருகே.
2. இடக்கையால் தாடையைப் பிடித்து, தலையை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக, அதன் வலது தோளை நோக்கி மெதுவாகத் திருப்புங்கள். உடம்பு தொய்வதைக் கையில் உணர்வீர்கள்.
3. அதே நேரம் வலக்கையை முதுகின்மேல் கொண்டுபோய் அதன் வலது இடுப்பில் வைத்து, கீழும் உங்கள் பக்கமுமாக அழுத்துங்கள். வலது காலை ஓர் எட்டு பின்னால் எடுங்கள். பின்பக்கம் உங்கள் பாதத்தருகே தரையில் அமரும்.
4. உடனே இரண்டு முன்னங்கால்களையும் பிடித்துத் தூக்கி, முதுகு உங்கள் கால்களில் சாயும்படி உட்கார வையுங்கள். நேராக உட்கார வைக்காமல் ஒரு பக்கப் பிட்டத்தில் சற்றுச் சாய்த்து வைத்தால்தான் அமைதியாக இருக்கும்.

ஆடு உதைத்துத் துள்ளினால் பெரும்பாலும் அதன் குளம்பு ஏதோ ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும், வேலியை அல்லது உங்கள் பூட்ஸை. இடத்தை மாற்றினால் அடங்கிவிடும். உங்கள் முதுகு வளையக் கூடாது, இறக்கும் வேலையை முழங்கால் செய்யட்டும். முந்தின இரவே தீனியை நிறுத்திவிடுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். நிரம்பிய இரைப்பை நுரையீரலை அழுத்தும். சில நிமிடங்களுக்கு மேல் உட்கார வைத்திருக்கவும் வேண்டாம். சினை முற்றிய பெட்டையை உட்கார வைக்கவே கூடாது. சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள்; கிடா சேர்ந்த தேதியைக் குறித்து வைத்திருந்தால் இது தெரியும். தொண்ணூறு கிலோ டோர்பர் கிடாவைத் தனியாள் சாய்க்க முயல வேண்டாம். சந்தில் விட்டு, தலையைக் கயிற்றால் குட்டையாகக் கட்டி, ஒவ்வொரு காலாகத் தூக்கி வெட்டுங்கள்.

வாய்வழி மருந்துக்கு ஆட்டைச் சாய்க்க வேண்டியதில்லை. சந்தில் நிற்கும்போதே வாயின் ஓரத்தில் குழாயை விட்டு, நாக்கின் பின்பக்கம்வரை கொண்டுபோய் மெதுவாக விடுங்கள். தலை தரைக்குச் சமமாக இருக்கட்டும். வானத்தைப் பார்க்கத் தூக்கினால் மருந்து மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். இருமினால் உடனே நிறுத்திவிடுங்கள். பிடித்த கையோடு கீழிமையை இறக்கிக் கண்ணின் உட்தோலையும் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியிருந்தால் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு என்று சந்தேகப்பட வேண்டும். நம் ஈர வெப்பத்தில் அந்தப் புழு வருடம் முழுக்கப் பெருகும். தாடைக்குக் கீழே வீங்கித் தொங்கும் ஆட்டை ஓட்டவே ஓட்டாதீர்கள், இரத்தம் வற்றிய ஆடு ஓட்டத்திலேயே விழுந்து செத்துவிடும்.

வெயில், பிண்ணாக்கு, தொற்று

வேலையைக் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடியுங்கள். வாய் திறந்து இரைத்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 80-ஐத் தாண்டினாலோ அந்த ஆட்டை விட்டுவிட்டு நிழலுக்குக் கொண்டுபோய்க் காலிலும் அடிவயிற்றிலும் தண்ணீர் ஊற்றுங்கள்.

பிகேசி எனும் செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு இங்கே மலிவாகக் கிடைக்கும் தீனி. மாட்டுக்கு நல்லது, செம்மறிக்கு நாளாக நாளாக நஞ்சு. அதில் உள்ள தாமிரத்தைச் செம்மறியால் எளிதில் வெளியேற்ற முடியாது, ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வெளியே எதுவும் தெரியாது. பிடித்து அடைத்து விரட்டிய அன்றோ லோரியில் ஏற்றிய அன்றோ ஈரலில் இருந்தது இரத்தத்தில் கொட்டும். சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போய், கண் மஞ்சளாகி ஆடு சாகும். பிகேசியையே முக்கியத் தீனியாகக் கொடுத்துவந்த மந்தையென்றால் பெரிய வேலை எதற்கும் முன் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் உடம்புக்கும் காப்பு வேண்டும். உதட்டில் புண்ணுள்ள குட்டியை வெறுங்கையால் தொட்டால் அதே புண் விரலில் வரும், ஓர்ஃப் என்பார்கள். ஆட்டின் கட்டியை நீங்களே கீறாதீர்கள். சீழிலும் ஈர மண்ணிலும் மெலியோய்டோசிஸ் என்னும் தொற்றுநோயின் கிருமி இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும், நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. காலில் காயத்தோடு பட்டிக்குள் போகாதீர்கள், பூட்ஸும் கையுறையும் கட்டாயம். கர்ப்பிணிகள் குட்டி ஈனும் வேலையிலும் நஞ்சுக்கொடியிலும் கை வைக்கவே வேண்டாம். டெட்டனஸ் ஊசியின் காலம் முடிந்துவிட்டதா என்று கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.

ஏற்றி அனுப்புவது

மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக கால்நடைச் சேவைத் துறையின் அனுமதி வேண்டும். வண்டி பேசுமுன் அதை வாங்கிவிடுங்கள். வண்டித் தளத்தில் ரப்பர் விரிப்போ மரத்தூளோ போடுங்கள். கிடாவைக் கடைசியில் ஏற்றுங்கள், நடுவே தடுப்பு வைத்துத் தனியாக. ஏறுபலகையின் இரண்டு பக்கமும் மறைப்பு இருந்தால் வாளியைப் பார்த்துத் தானே ஏறும். நீங்கள் பின்னாலிருந்து பலகையைப் பிடித்தபடி ஓட்டுங்கள். முன்னால் நின்று கயிற்றை இழுக்கிறவர் வண்டிக்குள் கிடாவோடு அடைபட்டுவிடுவார். நாலு காலையும் சேர்த்துக் கட்டிப் போடாதீர்கள், வெயிலில் வயிறு உப்பி வழியிலேயே போய்விடும். இறக்கும் இடத்தில் கதவைத் திறக்கிறவர் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். புது இடத்தில் மூன்று நாலு வாரம் மற்ற ஆடுகளிடமிருந்து தள்ளி வைத்துப் புழுவும் புண்ணும் பார்த்த பிறகே மந்தையில் சேர்க்கச் சொல்லுங்கள்.